சிக்னல் முடிந்த பிறகு என்ன பார்ப்பது?

கொரியத் தொடர்கள் இப்போது நம் வயதுக்காரர்கள் வீட்டிலும் நுழைந்துவிட்டன. பேரப்பிள்ளைகள் காதல் கதைகளைப் பார்க்கிறார்கள். நமக்கு அது அவ்வளவாக ஒட்டுவதில்லை. 'சிக்னல்' என்ற தொடரைப் பார்த்து முடித்த நண்பர்கள் சிலர், "இதே மாதிரி கனமாக, இருட்டாக வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். வெறும் பட்டியல் கொடுத்துவிடலாம். ஆனால் இந்தத் தொடர்களுக்குப் பின்னால் ஒரு நிஜ வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து அவை வேறோர் இடத்துக்குப் போய்விடுகின்றன. எனவே முதலில் வரலாறு, பிறகு பட்டியல்.

தென்கொரியத் தலைநகர் சியோலுக்குத் தெற்கே, கியொங்கி மாகாணத்தில் ஹ்வாசங் என்றொரு பகுதி. இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த நகரம். 1980-களில் நெல் வயலும் சிறு கிராமங்களுமாக இருந்த நாட்டுப்புறம். இரவில் தெருவிளக்கு இல்லாத வயல் பாதைகள். 1986 செப்டம்பரில் அங்கே 71 வயதுப் பெண்மணி ஒருவர் கொலை செய்யப்பட்டார். அதிலிருந்து 1991 ஏப்ரல் வரை அந்த வட்டாரத்தில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பள்ளிச் சிறுமியும் உண்டு, வேலை முடிந்து வீடு திரும்பியவர்களும் உண்டு. பலர் தங்கள் உடைகளாலேயே கட்டப்பட்டு, நெரிக்கப்பட்டுக் கிடந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் கொரியா எப்படி இருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுன் டூ-ஹ்வான் என்ற ராணுவத் தளபதியின் ஆட்சி. 1986-இல் சியோலில் ஆசிய விளையாட்டுப் போட்டி, 1988-இல் ஒலிம்பிக். நடுவே 1987 ஜனவரியில் ஒரு கல்லூரி மாணவர் போலீஸ் விசாரணையில் சித்திரவதையால் இறந்தார். அதைத் தொடர்ந்து ஜூன் மாதம் நாடெங்கும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசாங்கத்துக்குப் போலீஸ் என்பது போராட்டக்காரர்களை அடக்கும் படை. வயல்வெளியில் செத்துக் கிடக்கும் பெண்ணுக்கு நியாயம் தேட வேண்டிய படை என்பது அப்புறம்தான். கொலையாளியைப் பிடிக்க அவர்களுக்குத் தெரிந்த வழியும் ஒன்றுதான்: ஆளைப் பிடி, அடி, ஒப்புக்கொள்ள வை.

ஆள்பலத்துக்குக் குறைவில்லை. பணி நாள் கணக்கில் 20 லட்சத்துக்கு மேல் போலீசார் அந்த வழக்கில் ஈடுபட்டார்கள். 21,000 பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள். மரபணுப் பரிசோதனை அப்போது கொரியாவில் கிடையாது. மாதிரியை ஜப்பானுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், பலனில்லை. கொலையாளியின் ரத்தம் 'பி' வகை என்று போலீஸ் முடிவு கட்டியிருந்தது. உண்மையான கொலையாளி 'ஓ' வகை. அந்த ஆளைப் போலீஸ் விசாரித்ததும் உண்டு. கணக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டார்கள். வலையில் வந்த மீனை அளவு சரியில்லை என்று ஆற்றிலேயே திரும்ப விட்ட கதை.

இனி எட்டாவது வழக்கு. 1988 செப்டம்பரில் 13 வயதுச் சிறுமி தன் வீட்டு அறைக்குள்ளேயே கொல்லப்பட்டாள். மற்றவை வெட்டவெளியில் நடந்தவை, இது மட்டும் வீட்டுக்குள். அதனால் இது வேறு யாரோ அதைப் பார்த்துச் செய்தது என்று போலீஸ் கருதியது. அடுத்த ஆண்டு ஜூலையில் 22 வயது இளைஞர் ஒருவரைக் கைது செய்தார்கள். விவசாயக் கருவிகள் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி ஒரு கால் ஊனம். அவர் சுவரேறிக் குதித்து உள்ளே போனார் என்று வழக்கு. சம்பவ இடத்தில் கிடைத்த முடியை அறிவியல் சோதனை செய்ததில் அவருடையது என்று தெரிந்தது என்றார்கள். அதோடு அவரே ஒப்புக்கொண்டார் என்றார்கள். மூன்று நாள் தூங்க விடாமல், ஊனக் காலோடு உட்கார்ந்து எழச் சொல்லி வாங்கிய வாக்குமூலம் அது என்று அவர் பிற்பாடு சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஆயுள் தண்டனை. சுமார் 20 ஆண்டுகள் சிறையில் இருந்து, 2009-இல் பரோலில் வெளியே வந்தார். தான் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார்.

மற்ற ஒன்பது வழக்குகளும் அப்படியே நின்றன. இந்த இடத்தில்தான் கலை உள்ளே வருகிறது. 1996-இல் கிம் குவாங்-லிம் என்பவர் இந்த வழக்கை ஒரு மேடை நாடகமாக்கினார். அதை வைத்து 2003-இல் போங் ஜூன்-ஹோ 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தை எடுத்தார். பின்னாளில் 'பாரசைட்' படத்துக்கு ஆஸ்கார் வாங்கிய அதே போங்தான். படத்தின் கடைசியில் துப்பறிவாளராக நடித்த சாங் காங்-ஹோ நேராகக் கேமராவைப் பார்ப்பார். கொலையாளி எங்கேயோ உயிரோடு இருக்கிறான், ஒருநாள் படம் பார்க்க வருவான், அப்போது அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படி எடுத்ததாக இயக்குநர் சொன்னார்.

படம் வந்து மூன்றே ஆண்டில், 2006 ஏப்ரலில், அந்தக் கடைசி வழக்கும் காலாவதியானது. கொலை வழக்கு காலாவதியாகுமா என்று கேட்பீர்கள். நமக்குப் புரோநோட்டு மூன்று வருடத்தில் காலாவதியாவது தெரியும். நம் நாட்டுச் சட்டத்தில் மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பே இல்லை. கொலைக்கு எத்தனை வருடம் கழித்தும் வழக்குப் போடலாம். கொரியாவிலும் ஜப்பானிலும் அப்படியல்ல. கொலைக்கு அப்போது 15 ஆண்டுதான் கெடு. அதற்குள் வழக்குத் தொடராவிட்டால் கொலையாளி போலீஸ் நிலைய வாசலில் நின்று "நான்தான்" என்று சொன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. வருடங்கள் போகப்போக சாட்சியின் நினைவு மங்கும், சான்று கெடும், தவறான ஆளைத் தண்டிக்க நேரும் என்பது அந்தச் சட்டத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். காரணத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு அந்த அர்த்தம் எப்படி விளங்கும்?

அதே 2006-இல் இன்னொரு வழக்கும் காலாவதியானது. 1991 மார்ச்சில் தேகு நகரில் ஐந்து சிறுவர்கள் மலைப்பக்கம் போனவர்கள் திரும்பவில்லை. 'தவளைச் சிறுவர்கள்' என்று நாடே அவர்களைத் தேடியது. எலும்புகள் 2002-இல் அந்த மலையிலேயே கிடைத்தன. கொலையாளி கிடைக்கவில்லை. 2006-உடன் கணக்கு முடிந்தது.

மக்கள் கொதித்ததில் 2007-இல் கெடு 25 ஆண்டாக நீண்டது. ஆனால் பழைய வழக்குகளுக்கு அது பொருந்தாது. முழுதாக ஒழித்தது இன்னொரு குழந்தையின் மரணம். 1999-இல், மறுபடியும் தேகு நகரில், ஆறு வயதுச் சிறுவன் மேல் யாரோ அமிலம் ஊற்றினார்கள். 49 நாள் போராடி இறந்தான். பெற்றோர் 15 ஆண்டு ஓயாமல் அலைந்தார்கள். 2015 ஜூலையில் அவர்கள் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே மாதம் 24-ஆம் தேதி கொலைக்கான காலவரம்பை ஒழிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தச் சட்டத்தை மக்கள் அந்தச் சிறுவன் பெயராலேயே அழைக்கிறார்கள். ஆனால் அவன் வழக்குக்கு அது பயன்படவில்லை. கெடு முடிந்துவிட்டிருந்தது.

'சிக்னல்' வந்தது இதற்குச் சரியாக ஆறு மாதம் கழித்து, 2016 ஜனவரியில். எழுதியவர் கிம் ஊன்-ஹீ, இயக்கியவர் கிம் வோன்-சாக். 16 பகுதிகள். ஒரு பழைய வாக்கி-டாக்கியில், இரவு 11.23-க்கு, கடந்த காலத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் பேசுகிறார். முதல் வழக்கே காலவரம்பு முடியச் சில நாள் இருக்கும் குழந்தைக் கடத்தல் வழக்கு. சட்டம் மாறிய அந்த 2015-ஐயே கதை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொடரைப் பார்த்த கொரியக் குடும்பங்களுக்கு அது கற்பனையல்ல, ஆறு மாதத்துக்கு முந்தைய செய்தித்தாள். அடுத்து வரும் வழக்கு ஹ்வாசங்கை மனத்தில் வைத்து எழுதியது. தெற்குக் கியொங்கித் தொடர் கொலை என்று பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

அதற்கு முன் 2014-இல் 'காப்டாங்' என்ற தொடரும் இதே வழக்கை வைத்து வந்தது. அதில் நாயகனின் அப்பா கொலையாளி என்று சந்தேகிக்கப்பட்டு இறந்துபோனவர். 'சிக்னல்' நாயகனின் அண்ணன் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன். இரண்டு எழுத்தாளர்களும் ஒரே விஷயத்தை உணர்ந்திருக்கிறார்கள்: கொலையாளி தப்பிய ஊரில், குற்றமற்ற ஒருவர் எங்கேயோ மாட்டிக்கொண்டிருப்பார். கதைக்காக எழுதியதுதான். ஆனால் அவை ஒளிபரப்பான அந்த நாள்களில், எட்டாவது வழக்கின் மனிதர் நிஜமாகவே உயிரோடு, கொலைகாரன் என்ற பெயரோடு, ஒரு சிறிய ஊழியராக வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். கதாசிரியர்களுக்குத் தோன்றியது, கோப்புகளை வைத்திருந்தவர்களுக்குத் தோன்றவில்லை.

2019-இல் கதை திரும்பியது. 2010-லிருந்து கொடுங்குற்றக் கைதிகளின் மரபணு மாதிரிகளைச் சேமித்து வைக்கும் சட்டம் கொரியாவில் வந்திருந்தது. தீராத வழக்குகளைப் பார்க்கும் போலீஸ் குழு, 30 ஆண்டாகப் பத்திரப்படுத்தியிருந்த ஹ்வாசங் சான்றுகளை மறுபடி சோதனைக்கு அனுப்பியது. மூன்று வழக்குகளின் சான்று ஒரே ஆளோடு ஒத்துப்போனது. லீ சுன்-ஜே. 1994-இல் மனைவியின் தங்கையைக் கொன்றதற்காகப் பூசான் சிறையில் ஆயுள் தண்டனையில் இருந்தவர். நாடு முழுவதும் தேடிய ஆள் கால் நூற்றாண்டாக அரசாங்கத்தின் பூட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

அவர் 14 கொலைகளை ஒப்புக்கொண்டார். அந்தப் பத்தில் பத்தும். ஆம், எட்டாவதும்.

1989-இல் காணாமல் போன ஒரு தொடக்கப்பள்ளிச் சிறுமியையும் தானே கொன்றதாகச் சொன்னார். தோண்டிப் பார்த்ததில், அந்தக் குழந்தையின் பொருள்கள் அப்போதே கிடைத்தும் அன்றைய போலீசார் மறைத்துவிட்டது தெரியவந்தது. பெற்றோர் முப்பது வருடம் "காணவில்லை" என்றே காத்திருந்தார்கள். மறைத்தவர்களையும் தண்டிக்க முடியவில்லை. அதற்கும் கெடு முடிந்திருந்தது.

2020 நவம்பரில் லீ சுவோன் நகர நீதிமன்றத்தில் சாட்சியாக வந்து நின்றார். குற்றவாளியாக அல்ல, சாட்சியாக. ஹ்வாசங் கொலைகளுக்காக அவரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. எட்டாவது வழக்கின் மறுவிசாரணைக்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். தான் ஏன் முன்பே பிடிபடவில்லை என்பது தனக்கே வியப்பு என்றார். 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தைச் சிறையிலேயே பார்த்ததாகவும், வெறும் படமாகத்தான் பார்த்ததாகவும், எதுவும் தோன்றவில்லை என்றும் சொன்னார். போங் நினைத்தபடியே கொலையாளி அந்தக் கண்களைப் பார்த்தான். ஆனால் அந்தப் பார்வை அவனை ஒன்றும் செய்யவில்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி, ஊனக் காலோடு சிறைக்குப் போனவர் நிரபராதி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குமூலம் வற்புறுத்தி வாங்கப்பட்டது, முடிச் சோதனை அறிக்கை நம்பத் தகுந்ததல்ல என்று சொல்லி, அன்றைய நீதிமன்றம் செய்த தவறுக்காக நீதிபதிகள் மன்னிப்பும் கேட்டார்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

இவ்வளவையும் ஏன் எழுதினேன் என்றால், 'இருட்டுத் தொடர்' என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ரத்தத்தைக் காட்டிப் பயமுறுத்துவது ஒன்று. ஒரு சமூகம் தன் மனச்சாட்சியைத் தானே விசாரிப்பது இன்னொன்று. 'சிக்னல்' இரண்டாவது வகை. அதனால்தான் முடிந்த பிறகும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இனி அந்த வகையில் நான் சிபாரிசு செய்பவை.

முதலில் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'. இது தொடரல்ல, படம்தான். ஆனாலும் இதிலிருந்து தொடங்குவது நல்லது. போலீஸ் அடித்து வாக்குமூலம் வாங்கும் காட்சிகளில் சிரிப்பு வரும்படி எடுத்திருப்பார்கள். எட்டாவது வழக்கு தெரிந்தபின் பார்த்தால் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

அடுத்து 'டனல்', 2017-இல் வந்தது, 16 பகுதிகள். 1986-இல் கொலையாளியைத் துரத்தும் போலீஸ்காரர் ஒரு சுரங்கப் பாதைக்குள் ஓடி முப்பது வருடம் கழித்து வெளியே வருகிறார். 'சிக்னல்' அளவுக்குக் கனமில்லை, நடுநடுவே சிரிக்கலாம். தான் விட்டுவந்த மனைவியைத் தேடும் பகுதி நம் வயதுக்காரர்களைத் தொடும்.

'த்ரூ த டார்க்னஸ்', 2022, 12 பகுதிகள் மட்டும். கொரியாவின் முதல் குற்ற மனவியல் ஆய்வாளர் குவோன் இல்-யோங் ஒரு பத்திரிகையாளரோடு சேர்ந்து எழுதிய நிஜ அனுபவ நூலை வைத்து எடுத்தது. அடித்து விசாரிக்கும் பழக்கம் போய், உட்கார்ந்து பேசி விசாரிக்கும் பழக்கம் ஒரு போலீஸ் துறைக்குள் எப்படி வந்தது என்பதுதான் கதை. கிம் நாம்-கில் அளவோடு நடித்திருக்கிறார். ஹ்வாசங்கில் எது இல்லாமல் போயிற்று என்று இதில் தெரியும்.

ஜப்பானுக்குப் போனால் 'ரொக்கு-யோன்', அதாவது 'அறுபத்து நான்கு'. ஹிதேயோ யோகோயாமாவின் நாவலை என்.எச்.கே. 2015-இல் ஐந்து பகுதிகளாக எடுத்தது. ஷோவா சகாப்தத்தின் 64-ஆம் ஆண்டு ஏழே நாள்தான் இருந்தது. 1989 ஜனவரி 7-ஆம் தேதி பேரரசர் ஹிரோஹிட்டோ மறைந்ததும் ஆண்டின் பெயரே மாறிவிட்டது. அந்த ஏழு நாளுக்குள் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்படுகிறாள். நாடு பேரரசருக்கு அழுகிறது, குழந்தையை மறந்துவிடுகிறது. தகப்பன் மறக்கவில்லை. காலவரம்பு முடிய ஓராண்டு இருக்கும்போது கதை தொடங்குகிறது. துப்பாக்கி, துரத்தல் எதுவும் கிடையாது. அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு, மேலதிகாரிக்கும் மனச்சாட்சிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்த அதிகாரியை உடனே அடையாளம் தெரியும். ஜப்பானிலும் கொலையுண்டோரின் குடும்பத்தார் சங்கமாகச் சேர்ந்து போராடியபின், 2010 ஏப்ரலில் இத்தகைய கொலைகளுக்குக் காலவரம்பு ஒழிக்கப்பட்டது.

தைவானிலிருந்து 'த வேர்ல்ட் பிட்வீன் அஸ்', 2019, பத்துப் பகுதிகள். திரையரங்கில் ஒருவன் சுட்டுப் பலரைக் கொன்ற பிறகு, இறந்த பிள்ளையின் தாய், கொன்றவனின் பெற்றோர், அவனுக்காக வாதாடும் வக்கீல் ஆகிய மூவர் வீடுகளிலும் என்ன நடக்கிறது என்பதே கதை. 2014 மே மாதம் தைபே மெட்ரோ ரயிலில் நடந்த கத்திக்குத்தில் நால்வர் இறந்த அதிர்ச்சி அதன் பின்னால் இருக்கிறது. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள் என்பேன்.

கடைசியாகச் சீனாவின் 'த லாங் சீசன்', 2023, 12 பகுதிகள். வடகிழக்குச் சீனாவில் ஓர் உருக்காலை நகரம். 1990-களின் பிற்பகுதியில் அரசு ஆலைகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிய காலம். மகனை இழந்த ஓர் ஓய்வுபெறும் வயதுக்காரர் இருபது வருடம் கழித்தும் விடையைத் தேடுகிறார். மற்ற தொடர்கள் எல்லாம் மழையிலும் இரவிலும் நடக்கும். இது முழுக்க முழுக்க இளவெயிலில் நடக்கிறது. அதனாலேயே அதிகமாக வலிக்கிறது.

பார்ப்பதற்கு இரண்டு யோசனை. ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல் வேண்டாம், அதுவும் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்க வசதி இருக்கிறது, பேரப்பிள்ளையிடம் சொன்னால் செய்து கொடுப்பார்கள்.

இன்னும் ஒரு செய்தி. 2019 டிசம்பரில் கொரியப் போலீஸ் அந்த வழக்கின் பெயரை அதிகாரபூர்வமாக மாற்றியது. முப்பது வருடமாக 'ஹ்வாசங் தொடர் கொலை' என்று இருந்தது இப்போது 'லீ சுன்-ஜே தொடர் கொலை'. ஊர் மக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்தது. யாரோ ஒருவன் செய்த பாவத்தை ஓர் ஊர் முழுவதும் பெயரில் சுமந்துகொண்டிருந்தது. குற்றம் இப்போது உரியவன் பெயருக்குப் போய்விட்டது.

நீங்கள் பார்த்து முடித்த பிறகு எது பிடித்தது என்று சொல்லுங்கள்.